உங்களுக்குத் தெரியுமா? தன்னந்தனியே உலகைச் சுற்றும் பாய்மரப் பந்தயம்

முதலில் வந்தவருக்குக் கோப்பை கிடைக்காமல் போனதும் உண்டு. பிரான்சில் நாலு வருடத்துக்கு ஒருமுறை நடப்பது 'வாந்தே குளோப்'. ஒரு படகு, ஒரே ஆள். எங்கும் கரையேறாமல், பிறர் உதவி பெறாமல் உலகைச் சுற்றி வர வேண்டும். 2021 ஜனவரியில் முதலில் எல்லைக்கோட்டைக் கடந்தவர் சார்லி டாலன். வென்றதாக அறிவிக்கப்பட்டவரோ அவருக்குப் பின்னால் வந்த யானிக் பெஸ்தாவன். வழியில் படகு மூழ்கிய சக போட்டியாளரைத் தேடப் போனதற்காக அவர் கணக்கில் 10 மணி 15 நிமிடம் கழிக்கப்பட்டது. வெற்றி வித்தியாசம் இரண்டரை மணி நேரம்தான்!

அந்தப் போட்டியாளர் கெவின் எஸ்கோஃபியே. 2020 நவம்பர் 30 அன்று, நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே, அலையில் பாய்ந்த அவர் படகு இரண்டாக மடங்கியது. அவர் உயிர்காப்பு மிதவைக்குத் தாவினார். தேடிப்போன நால்வரில் 61 வயது ஜான் லெ காம் முதலில் அவரைக் கண்டார். அலைகளுக்கு நடுவே தவறவிட்டார். விடியுமுன் மிதவையின் விளக்கொளியைப் பார்த்து மீட்டார். இதே லெ காம் 2009இல் ஹார்ன் முனை அருகே கவிழ்ந்த படகுக்குள் சிக்கியிருந்தவர். அப்போது அவரைக் காப்பாற்றிய வின்சென்ட் ரியூவின் படகின் பெயர் பிஆர்பி. 2020இல் மடங்கிய எஸ்கோஃபியேவின் படகுக்கும் அதே பெயர். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

தென்கடல் ஏன் இவ்வளவு மூர்க்கம்? 40 டிகிரி தெற்கு அட்சரேகைக்குக் கீழே மேற்குக் காற்றைத் தடுக்க நிலமே அதிகம் இல்லை. காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக அண்டார்டிகாவைச் சுற்றிவர, அலைகளும் ஆயிரக்கணக்கான மைல் ஓடி வளர்கின்றன. 'கர்ஜிக்கும் நாற்பதுகள்' என்று பள்ளியில் படித்தோமே, அது இதுதான். இன்னும் தெற்கே பனிப்பாறைகள். அங்கே போகாதபடி வரைபடத்தில் ஒரு கோடு கிழித்துவிடுகிறார்கள், தாண்டினால் தண்டனை.

தூக்கம்? பெரும்பாலும் இருபது முப்பது நிமிடக் குட்டித் தூக்கங்கள்தான்.

வைத்தியம்? 1992-93 பந்தயத்தில் கயிறு முகத்தில் அடித்து பெர்த்ரான் த புரோக்கின் நாக்கு கிழிந்தது. கரையிலிருந்த மருத்துவர் டெலக்ஸில் வழிமுறை அனுப்ப, தன் நாக்கைத் தானே தைத்துக்கொண்டார்.

அடுத்த பந்தயத்தில், 1997 ஜனவரியில், போட்டியாளர் டோனி புல்லிமோரின் படகு, அடியிலிருந்த கனமான கட்டை முறிந்து, தலைகீழாகப் புரண்டது. செத்திருப்பார் என்றே பலரும் நினைத்தார்கள். நான்கு நாள் கழித்து ஆஸ்திரேலியக் கடற்படையினர் வந்து படகின் அடிப்பாகத்தைத் தட்டினார்கள். உள்ளே காற்று தங்கிய இடுக்கில் உயிரோடிருந்தவர், முங்கி நீந்தி வெளியே வந்தார்.

அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, 1996 கிறிஸ்துமஸ் சமயம், அதே பந்தயத்தில் ராஃபேல் டினெல்லியைக் காப்பாற்ற பீட் காஸ் புயல் காற்றை எதிர்த்து இரண்டு நாள் படகைத் திருப்பி ஓட்டினார். பின்காற்றில் ஓடுவதே பாடாக இருக்கும் கடலில், எதிர்க்காற்றில் திரும்புவது எப்பேர்ப்பட்ட வேலை என்பது பாய் விரித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படித் தனியே உலகைச் சுற்றும் பந்தயங்களில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 1968-69 'கோல்டன் குளோப்' பந்தயத்தில் ஒன்பது பேர் புறப்பட்டு, ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர்தான் முடித்தார், 312 நாளில். அவருடைய 'சுஹைலி' பம்பாயில் கட்டிய தேக்குப் படகு. அதே வடிவில் கோவாவில் கட்டிய 'துரியா'வில் 2018 கோல்டன் குளோப் பந்தயத்துக்குக் கிளம்பினார் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. அந்தப் பந்தயத்தில் ஜிபிஎஸ் கூடாது; சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்தே வழி காண வேண்டும். செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் பாய்மரத்தை முறித்தது. அவருக்கு முதுகெலும்பில் அடி. அதே புயலில் பாய்மரத்தை இழந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மக்கக்கின், தற்காலிகக் கம்பம் நட்டுப் பாய் கட்டி இவரை நோக்கி வந்தார். முந்திக்கொண்டது பிரெஞ்சு ரோந்துக் கப்பல் ஒசிரிஸ். இருவரையும் அதுவே ஏற்றிக்கொண்டது.

முதுகில் டைட்டானியம் பொருத்திக்கொண்ட அபிலாஷ் அடுத்த பந்தயத்துக்கும் போனார்! 2023இல் இரண்டாமிடம். முதலிடம் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபருக்கு; தனியாள் உலகப் பந்தயத்தை வென்ற முதல் பெண். அவரும் வழியில் ஃபின்லாந்தின் டாபியோ லெஹ்டினனை மிதவையிலிருந்து மீட்டு, ஆளுக்கொரு வாய் ரம் குடித்து, அவரைச் சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டுத்தான் பந்தயத்தைத் தொடர்ந்தார்.