கலைமகள் பெயரில் ஓர் இசைத்தட்டுக் கடை

நவராத்திரி நிறைவில் ஏடும் எழுதுகோலும், வீணையும் மத்தளமும் கலைமகள் திருமுன் வைத்து வணங்கப்படுகின்றன. அவரவர் தொழிற்கருவியில் அன்னை உறைகின்றாள் என்பது முன்னோர் கொள்கை. அவ்வாறாயின் கிராமபோன் ஊசியும் அரக்குத் தட்டுங்கூட அவளது பூசைக்கு உரியனவே. அன்னையின் திருநாமத்தைத் தாங்கிச் சென்னையில் எழுந்த ஓர் இசைத்தட்டுக் கடையின் வரலாறு இதனை மெய்ப்பிக்கின்றது.

காரைக்குடி நகரத்தார் குடும்பமொன்றில் 1907 ஆம் ஆண்டு பிறந்தவர் ஏவி. மெய்யப்பச் செட்டியார். தந்தையார் ஆவிச்சி செட்டியாரின் கடையில் கிராமபோன் இசைத்தட்டுகளும் விற்பனையாயின. பிறர் பதிவு செய்த தட்டுகளை வாங்கி விற்பதோடு அமைய அவ்விளைஞரின் உள்ளம் இசையவில்லை. 1930களின் தொடக்கத்தில் நண்பர்கள் சிலருடன் கூட்டுச் சேர்ந்து, சென்னை மவுண்ட் ரோட்டில் ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ்’ என்னும் கடையைத் தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் இசைத்தட்டுகள் அதன் வழியே தமிழர் இல்லங்களை அடைந்தன.

அக்காலத் தட்டு அரக்கினால் ஆனது. நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். இரவு முழுதும் மேடையில் பாடிய கலைஞர்கள் தம் புலமையை அந்த மூன்று நிமிடங்களுக்குள் வடித்துத் தந்தனர். 1933 இல் இளமையிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் இன்றும் கேட்கக் கிடைப்பது இசைத்தட்டின் கொடையே ஆகும்.

தட்டு வணிகத்திலிருந்து செட்டியார் திரைப்படத் துறைக்குச் சென்றார். 1935 இல் வெளிவந்த ‘அல்லி அர்ஜுனா’ கைகொடுக்கவில்லை. எனினும் அவர் தளரவில்லை. கண்ணன் திருக்கதையான ‘நந்தகுமார்’ 1938 இல் வந்தது. அதில் நடித்தவர் ஒருவர், அவருக்காகப் பாடியவர் லலிதா வெங்கட்ராமன். வள்ளி திருமணத்தைக் கூறும் ‘ஸ்ரீ வள்ளி’ 1945 இல் வெளிவந்தபோதும், நாயகியின் பாடல்களுக்குப் பி.ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. முகத்தைக் காணாது குரலை மட்டுமே எடைபோட்டுப் பழகிய இசைத்தட்டு வணிகரின் செவியே இதற்கு வழிகாட்டியது எனலாம்.

அவ்வணிகரின் மனத்தை உரைத்துப் பார்த்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பாரதியார் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை தனியார் கைகளில் இருந்து, பின்னர் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. விடுதலைக்குப் பின் அப்பாடல்களைப் பொதுவுடைமையாக்கச் சென்னை அரசு முனைந்தபோது, விலைகொடுத்துப் பெற்ற உரிமையைக் கைம்மாறு கருதாது அவர் 1949 இல் விட்டுக்கொடுத்தார். கல்வியைப் போன்று பாட்டும் கொடுக்கக் குறையாதது என்பதை வணிகர் ஒருவர் செயலில் காட்டியமை போற்றுதற்குரியது.

காரைக்குடிச் சீமைக்கும் மலாயா, சிங்கப்பூருக்கும் உள்ள தொடர்பு நெடியது. 1859 இல் சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தவர்கள் நகரத்தார்களே. கடல் கடந்து வந்த தமிழர்க்கு ஊர்க்கோயிலின் நினைவை மீட்டுத் தந்தவற்றுள் பக்திப் பாடல் தட்டுகளும் அடங்கும். நீள்தட்டு வந்தபின், 1963 இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் வெளியானது. சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசமும் இல்லந்தோறும் ஒலித்தது. இவற்றை வெளியிட்டது வேறு நிறுவனமே. ஆயினும் தெய்வப் பாடலைத் தட்டில் வாங்கி வீட்டிற்கு எடுத்துச் செல்லும் வழக்கத்தை வளர்த்ததில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் போன்ற கடைகளின் பங்கு பெரிது.

அரக்குத் தட்டு கைதவறினால் உடைந்துவிடும். அதுவே எஞ்சிய ஒரே படியாயின், அதனுடன் ஒரு குரலும் மறைந்துவிடும். பாட்டனார் விட்டுச் சென்ற பழந்தட்டு எவர் இல்லத்துப் பரணிலேனும் இருக்குமாயின், இந்தச் சரஸ்வதி பூசையன்று அதனைத் தூசு துடைத்து ஏட்டோடு சேர்த்து அன்னையின் திருவடியில் வைக்கலாம். மறுநாள் விஜயதசமியன்று, அதன் ஒலியைப் புதிதாகப் பதிவு செய்து பேரப்பிள்ளைகளுக்குக் கேட்பித்தல் அதனினும் சிறந்த வழிபாடாகும்.