காப்பிக் கையந்திரமும் அரம் பிடித்த கைகளும்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை முதலிய ஊர்களில் நிழல் மரங்களின் கீழே மிளகுடனும் வாழையுடனும் காப்பி பயிராகிறது. காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் தாண்டிக்குடியில் உண்டு. மலையில் விளைந்த கொட்டையைப் பதப்படுத்தும் ஆலைகளால் அடிவாரத்துப் பட்டிவீரன்பட்டி பெயர் பெற்றது. இவையெல்லாம் நம் அங்கத்தினர்கள் அறிந்தவையே. அந்தக் கொட்டையை ஒரு காலத்தில் வீடுதோறும் பொடியாக்கித் தந்த இரும்புக் கையந்திரத்தைப் பற்றி இங்கே சில சொல்ல விரும்புகிறோம். பல வீடுகளில் அது பரண்மேல் துருவேறிக் கிடக்கிறது. பழைய இரும்பு வாங்குவோரின் தராசுக்கு அது போய்ச் சேருமுன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

வந்த வழி

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் காப்பி குடிபுகுந்தது ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கு எழுந்த எதிர்ப்பையும், அதை வென்று காப்பி நிலைபெற்ற விதத்தையும் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் ஆராய்ந்திருக்கிறார். பச்சைக் கொட்டையை வாங்கி, இரும்பு வாணலியில் வறுத்து, அன்றன்று வேண்டியதை மட்டும் அரைத்து டிக்காஷன் இறக்குவது அன்றைய வழக்கம். வறுத்த கொட்டை வாரக்கணக்கில் மணம் காக்கும்; பொடியான பின் காற்றுப்பட்டு மணம் விரைவில் குன்றிவிடும். கையந்திரம் வீட்டில் இடம் பெற்றதற்கு இதுவே காரணம்.

இவ்வகை யந்திரங்களை அயல்நாட்டு ஆலைகள் பல செய்தன. இங்கிலாந்தில் ஆர்ச்சிபால்டு கென்ரிக் என்பவர் 1815-ல் காப்பி யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் மோட்டார் வண்டிகளால் புகழ் பெற்ற பிரான்சு நாட்டுப் பெஷோ நிறுவனம் 1840-லேயே காப்பி யந்திரம் செய்தது. ஜெர்மனியின் ஜாஸன்ஹவுஸ் 1867-ல் தோன்றியது. மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் ஸ்பாங் யந்திரம் இங்கிலாந்தினுடையது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகள் போன்ற இடங்களில் இத்தகைய பழைய வீட்டுச் சாமான்களைத் தேடிச் செல்வோர் இன்றும் உண்டு.

செப்பனிடும் முறை

யந்திரத்தின் அமைப்பு எளியது. மேலே கொட்டை இடும் கிண்ணம், நடுவே தண்டு, தண்டின் அடியில் பல் வைத்த கூம்பு, அதைச் சூழ்ந்து உட்புறம் பல் கொண்ட வளையம், பொடியை நைஸாக்கவும் பருபருவென்று ஆக்கவும் ஒரு திருகு, அவ்வளவே. கூம்புக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி குறுகினால் பொடி நைஸாகும்.

கழற்றும்போது ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிய வரிசையிலேயே துணிமீது பரப்பி வைக்க வேண்டும். இறுகிய திருகாணியைச் சுத்தியலால் தட்டலாகாது; வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஓர் இரவு மண்ணெண்ணெய் விட்டு வைத்தால் பெரும்பாலும் இளகும். பின்னர் வாடை போகுமட்டும் சோப்பு நீரில் கழுவ வேண்டும். காப்பி படும் பகுதிகளின் துருவுக்குப் புளிக்கரைசல் போதும். ஆனால் நெடுநேரம் ஊறவிடக் கூடாது. கழுவிய உடனே வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும். ஆதலால் அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்புவது உடலுக்குத் தீங்கு. வர்ணத்தை அப்படியே விட்டுவைப்பது யந்திரத்தின் மதிப்பையும் காக்கும்.

பல் மழுங்கியிருந்தால் முக்கோண அரத்தை மெல்ல வைத்துப் பார்க்க வேண்டும். அரம் பற்றினால் பள்ளத்தைத் தீட்டலாம். வழுக்கினால் அது கடினமாக்கப்பட்ட இரும்பு, அதைத் தொடாமல் விடுவதே நன்று. காணாமற்போன திருகாணிக்கு மாற்றுச் செய்யுமுன் மரையை அளக்க வேண்டும். பழைய ஆங்கிலேய யந்திரங்களில் அங்குலக் கணக்கில் அமைந்த விட்வொர்த் மரை வழங்கிற்று. அதன் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. ஒன்றில் மற்றொன்றை வலிந்து முறுக்கினால் இரண்டும் கெடும். எல்லாம் பொருத்திய பின் ஒரு பிடி கொட்டையை அரைத்து, அந்தப் பொடியைக் கொட்டிவிட்டு உபயோகத்தைத் தொடங்கலாம்.

நம் ஊர்க் கைகள்

இந்த வேலைக்கு வேண்டிய கை திண்டுக்கல்லுக்குப் புதிதன்று. மாங்காய்ப் பூட்டையும், சாவி திரும்பும்போது மணியொலிக்கும் பூட்டையும் அரத்தாலேயே இழைத்து, ஒரு பூட்டின் சாவி மற்றொன்றில் சேராதபடி செய்த கைகள் இவை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்ததும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமே. எனினும் குறியீடு மட்டும் சோறு போடாது. மலிவான யந்திரப் பூட்டுகள் சந்தையை நிறைத்துவிட்டபடியால் இளைஞர் இத்தொழிலுக்கு வரத் தயங்குகின்றனர். அரம் பிடிக்கும் பயிற்சியைப் புத்தகத்தில் எழுதிவைக்க முடியாது. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கே அது போகும். இடையில் ஒரு தலைமுறை விட்டுப்போனால் மீண்டும் தொடங்க எவருமிரார். தறி இருந்தும் நெய்யும் கை இல்லையேல் அது வெறும் மரச்சட்டம் என்பதை நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

காப்பி யந்திரங்களைச் செப்பனிடுவதால் பூட்டுத் தொழில் தழைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் ஒரு மேசையும் பட்டறைப் பிடியும் இருந்து, அனுபவமுள்ள பூட்டுத் தொழிலாளி ஒருவர் உரிய கூலிக்கு அமர்ந்தால், காப்பி யந்திரம், தராசு, தறியின் பல்சக்கரம் ஆகிய யாவும் அங்கே வரும். அருகே நின்று பார்க்கும் இளைஞன் ஒருவனுக்கு அரம் பழகும். மலை விவசாயி தன் தோட்டத்துக் கொட்டையை அங்கேயே அரைத்துக் காட்டி விற்கவும் வழி பிறக்கும்.

1957-ல் காப்பி வாரியம் தன் காப்பி ஹவுஸுகளை மூடியபோது, வேலையிழந்த ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாமே நடத்தத் தொடங்கினர். அச்சங்கங்கள் நடத்தும் காப்பி ஹவுஸுகள் இன்றும் பல ஊர்களில் இயங்குகின்றன. கைவிடப்பட்ட ஒன்றைக் கூடி எடுத்து நிறுத்துவது கூட்டுறவுக்குப் பழக்கமான காரியம். பரணில் கிடக்கும் யந்திரத்தை இறக்கி வையுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசுவோம்.