கலங்கிய கடலில் கையே கண்

மேட்டூர் அணையில் நீர் வெகுவாக வற்றும் கோடைகளில் சேலத்தார் பலர் பண்ணவாடிப் பரிசல் துறைக்கு ஓர் அபூர்வக் காட்சியைக் காணச் செல்வார்கள். நீர் இறங்க இறங்க, பழைய மாதாகோயிலின் கோபுரமும் பெரிய நந்தி ஒன்றும் மெள்ளத் தலை தூக்கும். 1934-ல் கட்டி முடிந்த அணைக்காக நீரில் ஆழ்ந்த கிராமங்களின் எச்சங்கள் அவை.

ஒரு தடவை அந்த நந்தியைக் காட்ட மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். ஒரு சிறுவன் கேட்டான்: "ஸார், இதே காவேரி கடலில் சேருகிற இடத்திலே ஒரு பட்டணமே முழுகிப் போச்சாமே! அதை எப்போ பார்க்கலாம்?"

நியாயமான கேள்விதான். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறுகிறது. ஆனால், அணை வற்றும், சமுத்திரம் வற்றுமா? அங்கே நாம்தான் இறங்கிப் பார்க்க வேண்டும்.

இறங்குவதற்குச் சாதனம் இருக்கிறது. 1943-ல் பிரான்ஸ் தேசத்தைச் சேர்ந்த கூஸ்தோவும் கான்யானும் வகுத்த ஸ்கூபா கருவி அது. முதுகில் அழுத்திய காற்று நிரம்பிய உருளை. வாயில் ஒரு குழாய். சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ, அதே அழுத்தத்தில் மூச்சுக் காற்று கிடைக்கும். பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. 23 மீட்டரில் மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே, கரையில் ஒரு மணி நேரத்துக்குப் போதுமான காற்று அங்கே 18 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அவசரப்பட்டு மேலே வரவும் கூடாது. வந்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியிட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

இவ்வளவும் எந்தக் கடலுக்கும் பொது. பூம்புகார்க் கடலுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு: கலங்கல். ஆறுகள் யுகயுகமாகக் கொணர்ந்து சேர்த்த வண்டலை அலை ஓயாமல் கிளறிவிடுகிறது. நம் மேட்டூரையும் பரமத்தி வேலூரையும் மோகனூரையும் கடந்து சென்ற மண்ணும் அதில் இருக்கும் அல்லவா? விளக்கு எடுத்துச் சென்றாலும் பயன் சொற்பமே. ஏற்காட்டு மலைப் பாதையில் மூடுபனி இறங்கும்போது மோட்டாரின் விளக்கைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? வெள்ளைத் திரைதான் எதிரே நிற்கும்; பாதை தெரியாது. கலங்கிய நீரிலும் அதே கதிதான்.

அங்கே கயிறே வழி, கையே கண். ஒரு கனமான பொருளை அடியில் ஊன்றி, அதில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி மூழ்குபவர் வட்டமாகச் சுற்றித் தரையைத் தடவுவார். ஒரு சுற்று முடிந்ததும் கயிற்றைச் சற்று நீட்டி அடுத்த சுற்று. துணைவருடன் பேச்சு, கயிற்றை இழுக்கும் சைகைதான். எங்கே தேடுவது என்பதைப் படகிலிருந்து ஒலியலையை அனுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு முன்பே குறித்துக்கொள்கிறார்கள்.

கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார், லோதல் துறைமுகத்தை அகழ்ந்த எஸ். ஆர். ராவ் அவர்களின் முயற்சியால், தமிழகத் தொல்லியல் துறையுடன் சேர்ந்து பூம்புகார்க் கடலில் ஆராய்ந்தார்கள். 1991-ல், கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவமான ஓர் அமைப்பு தென்பட்டது. அதற்குப் பதினோராயிரம் வருஷப் பழமை கற்பித்தவர்களும் உண்டு. ஆனால், அதன் வயதையோ, மனிதன் கட்டியதுதான் என்பதையோ ஐயமற நாட்டும் சான்று கிடைக்கவில்லை.

அதே கடலில் உடைந்த கப்பல் ஒன்றும் அகப்பட்டது. அதிலிருந்து எடுத்த ஈயப் பாளங்களில் 'டபிள்யூ. பிளாக்கெட்' என்ற பெயரும் 1791, 1792 என்ற வருஷங்களும் பொறித்திருந்தன. அங்கே வாதத்துக்கு இடமில்லை. பொருளே தன் காலத்தைச் சொல்லிவிட்டது.

தமிழன் பெருமை கேட்கும்போது என் நெஞ்சும் பூரிக்கத்தான் செய்கிறது. அப்பெருமைக்கு ஆதாரமும் இல்லாமல் இல்லை. கரையிலேயே, கீழையூரில் 1960-களில் அகழ்ந்தபோது, மரக்கம்பங்களுடன் கூடிய செங்கல் படகுத்துறை கிடைத்தது, அது கி.மு. 3-ம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கணித்திருக்கிறார்கள். இத்தகைய மெய்ப் பெருமை இருக்கையில் பொய்ப் பெருமை எதற்கு? நாம் ஒன்றை மிகைப்படுத்திச் சொன்னால், உண்மையான பத்தையும் உலகம் சந்தேகிக்கும். காற்று தீருமுன் இருளில் தடவி, "கைக்கு எட்டியது இவ்வளவே" என்று கரையேறிச் சொல்லுகிறாரே, அவர்தான் நம் முன்னோருக்கு மெய்யான தொண்டு செய்கிறவர்.

பண்ணவாடியில் கேட்ட சிறுவனுக்கு இதைத்தான் சொன்னேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் இன்னும் தேட வேண்டியது நிறைய இருக்கிறது, இல்லையா ஸார்?" என்றான்.

"இருக்கிறது, அப்பா. முதலில் நீந்தக் கற்றுக்கொள்" என்றேன்.