சுவரில் ஒரு சிலுவை: தலித் கிறித்தவ வீடும் அதைப் படிப்பவர்களும்



2024 நவம்பரில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு செய்திகள் வந்தன. 13ஆம் தேதி எழுத்தாளர் ராஜ் கௌதமன் மறைந்தார். 26ஆம் தேதி, அரசமைப்புச் சட்ட நாளன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் சாதிச் சான்றிதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முதல் செய்தியை இலக்கிய வாசகர்கள் படித்தார்கள், இரண்டாவதை வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் படித்தார்கள். இரண்டும் ஒரே வீட்டைப் பற்றிய செய்திகள். ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002இல் வெளிவந்தது. அதன் நாயகன் கத்தோலிக்க தலித் குடும்பத்தில் பிறந்து, படித்து, வேலைக்கு அலைந்து, கடைசியில் வேலைக்காகவே இந்துவாக மாறுகிறான். படிக்கும்போது சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் சங்கடத்துக்குத்தான் இருபத்திரண்டு ஆண்டு கழித்து டெல்லியில் வேறு பெயர் வைத்தார்கள். அரசமைப்பின் மீது செய்யப்பட்ட மோசடி என்பது அந்தப் பெயர்.

கிறித்தவ நம்பிக்கை அன்றாடக் குடும்ப வாழ்வில் எப்படி இருக்கிறது என்பது பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறார்கள். குடும்ப செபம், பிள்ளை வளர்ப்பு, கணவன் மனைவி ஒற்றுமை என்று பேச்சு போகும். எல்லாம் நல்லதுதான். ஆனால் சேரியில் இருக்கும் கிறித்தவ வீட்டுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்த வீட்டை வெளியிலிருந்து மூன்று பேர் படிக்கிறார்கள்: ஊர், திருச்சபை, அரசு. என்ன பாத்திரத்தில் சமைக்கிறார்கள், எந்தத் தெருவில் சப்பரம் நிற்கிறது, சுவரில் என்ன படம் தொங்குகிறது என்று பார்த்து, இவர்கள் யார் என்று அந்த மூவரும் முடிவு செய்கிறார்கள்.

முதலில் வீட்டுக்குள் போவோம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துச் சேரி வீடு ஒன்றில் வேளாங்கண்ணி மாதா படம் இருக்கும். ஓரியூரிலிருந்து எடுத்துவந்த செம்மண் ஒரு சின்னப் பொட்டலத்தில் இருக்கும். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தியும் பூவும் கொண்டுபோவார்கள். மகள் பெரியவளானால் தாய்மாமன் சீர் வரும், தாலி மஞ்சள் கயிற்றில்தான் இருக்கும், அதில் சிலுவை கோத்திருக்கும். பெண் கொடுத்த வீடு இந்துவாக இருந்தால் கருப்பருக்குக் கிடா வெட்டும் நாளில் சம்பந்தி முறைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அண்ணன் பாத்திமா, தம்பி முனியசாமி என்று ஒரே ரேஷன் கார்டில் இரண்டு சாமியும் இருப்பது இங்கே ஒரு அதிசயமில்லை. இதைக் கலப்படம் என்று சொல்கிறவர்கள் உண்டு, பக்தி போதவில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. சொந்தபந்தம் சாதிக்குள்ளேயே நடக்கிற சமூகத்தில், ஒரு பாதி ஞானஸ்நானம் வாங்கி மறு பாதி வாங்காமல் இருந்தால் வீடு இப்படித்தான் இருக்கும். உறவை விட்டுவிட்டு வேதத்தில் சேர்வது எந்தச் சேரிக்கும் கட்டுப்படியாகாது.

அந்த வேதத்தில் ஏன் சேர்ந்தார்கள்? இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வலுவான சான்று இருக்கிறது. இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985 வரை பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்கள் மீது கள்ளர் நாட்டார் எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றானது. மானிடவியலாளர் ஹட்டன் தம் ‘இந்தியாவில் சாதி’ நூலில் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். அதை வரிசையாகப் பார்த்தால் கோயில், தேர் என்பதைவிட வீடுதான் அதிகம் கண்ணில் படும். பொன் வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது, சட்டை பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை தாவணி போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் மட்டும். குடை, செருப்பு கூடாது. இரண்டாவது பட்டியலில் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, கல்யாணத்தில் மேளம் கூடாது என்பதும் சேர்ந்தன.

சாதி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பட்டியலைத்தான் காட்டுவேன். அடுப்படியிலும் ரவிக்கையிலும் கல்யாணப் பந்தலிலும் இருக்கிறது. அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை ரவிக்கை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவதும், பிள்ளையைப் பங்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதும், மேளம் வைத்து மந்திரிப்பதும் அந்த மக்களுக்கு வெறும் சமயச் சடங்காக இருந்திருக்க முடியுமா? தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவியில் தேர்வடம் தொடுவதற்கு நடந்த நீண்ட வழக்கு உங்களுக்குத் தெரியும். தேர்வடத்துக்கு முன்பே வீட்டுப் பாத்திரத்துக்கு ஒரு போராட்டம் நடந்திருக்கிறது.

திருச்சபை இந்த வீட்டை எப்படிப் பார்த்தது? இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து பிராமணத் துறவியின் கோலத்தில் உழைத்தார். மேல்சாதியாருக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று மதுரை மிஷன் பிரித்துக்கொண்டது. அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ பண்டாரசாமியாக இருந்தவர். அவர் கொல்லப்பட்ட கதையின் முடிச்சே ஒரு குடும்ப விவகாரம்தான். மறவர் தலைவரான தடியத்தேவர் வேதத்தில் சேரும்போது முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப்பெண். புகார் அரண்மனைக்குப் போனது, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் பிரிட்டோ வெட்டப்பட்டார். 1947இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். விலக்கப்பட்ட அந்தப் பெண்கள் அதற்குப் பிறகு எப்படிப் பிழைத்தார்கள் என்பதைப் பற்றி எந்தத் திருவிழாப் பிரசங்கமும் பேசி நான் கேட்டதில்லை. குடும்பத்தைப் புனிதமாக்கும் வேலையில் பெண்கள் கொடுத்த விலை அன்றே கணக்கில் வரவில்லை.

சாதியைத் தற்காலிக ஏற்பாடாக ஏற்றுக்கொண்ட மிஷன், அதைக் கல்லிலும் கட்டிவைத்தது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரிக்க எழுப்பிய சுவர் 1910இல்தான் இடிபட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் உண்டு. விழுப்புரம் பக்கத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அங்கே கலவரம் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். தேர் எந்தத் தெருவுக்கு வரும், பிணம் எந்தப் பாதையில் போகும் என்பவைதான் அங்கேயும் பிரச்சினை. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது அதில் கன்னியர் மடத்துக்குள்ளிருந்து கேட்ட குரல் பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. சேரிக்கு அதிலே புதிதாக எதுவும் இல்லை.

இனி மூன்றாவது வாசகரான அரசு. மாணவர்கள் இதைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பட்டியல் சாதிகளுக்கான ஆணையை வெளியிட்டார். அதன் மூன்றாவது பத்தி, இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தைக் கைக்கொள்பவர் யாரும் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்கிறது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். பழங்குடிகளுக்கு இந்த மதக் கட்டுப்பாடு கிடையாது. கிறித்தவரான பழங்குடி, பழங்குடியாகவே இருக்கிறார். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நாடார் என்ற பதிவிலேயே கிறித்தவ நாடாரும் அடக்கம். அதாவது, மதம் மாறினாலும் சாதி கூடவே வருகிறது என்பது அரசுக்கு நன்றாகத் தெரியும். தலித் விஷயத்தில் மட்டும்தான் ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவிவிட்டதாக அது நம்புகிறது!

இதனால் வீட்டில் என்ன மாறுகிறது? தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். 18 சதவீதத்தில் அவருக்கு இடமில்லை. கல்வி உதவித்தொகை போன்ற சில சலுகைகளை மாநில அரசு தருகிறது, அது உண்மை. ஆனால் மானாமதுரை தனித்தொகுதியில் அவர் நிற்க முடியாது, தனி வார்டில் நிற்க முடியாது. சாதியைச் சொல்லி அடித்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்கு உதவாது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர் இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். அதே தொழில் செய்த இந்துக்களுக்குப் பெட்டிக்கடை கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. 1985இல் வழக்குத் தள்ளுபடியானது. கிறித்தவத்துக்குள்ளும் அதே கடுமையோடு தீண்டாமை தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்பது காரணம். இந்த இடத்தில் திருச்சபையின் மௌனம் என்ன விலை கேட்டது என்று பாருங்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில்தான், சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதையும், சுமார் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்பதையும் எழுத்தில் ஒப்புக்கொண்டது. சூசைக்கு அந்தக் காகிதம் முப்பத்தொரு ஆண்டு முன்பே தேவைப்பட்டது.

சட்டத்தில் இன்னொரு வினோதமும் உண்டு. கிறித்தவரான தலித் இந்துவாகத் திரும்பி, அந்தச் சாதியாரும் அவரை ஏற்றுக்கொண்டால், பழைய சாதி திரும்ப உயிர்பெறும் என்று 1980களிலும் 2015இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கிரகணம் பிடித்த நிலாபோல இடையில் மறைந்திருந்ததாம். மறைந்திருந்த காலத்திலும் சேரித் தெருவிலேயே அவர் குடியிருந்தார் என்பது மட்டும் கணக்கில் வராது.

இப்போது சுவருக்கு வருவோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் பள்ளர் சமூகத்தில் இந்துவாகப் பிறந்த ஒரு பெண் மருத்துவர், கிறித்தவரை மணந்தார். பிள்ளைகள் கிறித்தவர்களாக வளர்ந்தார்கள். அவருடைய மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்கியதை அதிகாரிகள் பார்த்தார்கள். சாதிச் சான்றிதழ் ரத்தானது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. கணவனோடும் பிள்ளைகளோடும் ஒரு பெண் கோயிலுக்குப் போவதாலோ சுவரில் சிலுவை இருப்பதாலோ அவர் தம் மதத்தை விட்டுவிட்டதாக ஆகாது, இப்படிப் பார்ப்பது அதிகாரிகளின் குறுகிய மனம் என்பது தீர்ப்பின் சாரம். நல்ல தீர்ப்பு.

புதுச்சேரி வழக்கில் தகப்பன் இந்து, வள்ளுவன் சாதி. தாய் கிறித்தவர். குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் எழுத்தர் பணிக்கு முயன்றபோது பட்டியல் சாதிச் சான்று மறுக்கப்பட்டது. தொடர்ந்து கோயிலுக்குப் போகும் கிறித்தவர், இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்கிறார் என்று முடிவு செய்தது உச்ச நீதிமன்றம். கைக்குழந்தையாகத் தலையில் விழுந்த தண்ணீருக்கு முப்பது வயதில் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு வழக்கிலும் விசாரணைக்கு உள்ளானது ஒரு பெண்ணின் அன்றாடம் என்பதைக் கவனியுங்கள். மனைவியாக யாரோடு கோயிலுக்குப் போனாள், மகளாக எந்த மடியில் ஞானஸ்நானம் பெற்றாள் என்று கோப்பு கேட்கிறது. கலப்புக் குடும்பத்தில் நம்பிக்கையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் பெண்கள்தான். சாயங்காலச் செபத்துக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுவதும் அவர்கள்தான், மாமியார் வீட்டுப் பொங்கலில் கோலம் போடுவதும் அவர்கள்தான். அரசாங்கம் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறது. நடுநிலையான மதச்சார்பற்ற அரசு ஒரு குடிமகளின் பூசையறைக்குள் எட்டிப்பார்க்க வேண்டிய கட்டாயத்தை அந்த மூன்றாவது பத்தி உண்டாக்கிவிட்டது. வீட்டிலே ஒரு பெயர், பள்ளியிலே ஒரு பெயர் என்று வாழும் குடும்பத்தை மோசடிக்காரர் என்பதற்கு முன்னால், அந்த இரண்டாவது பெயரை யார் கேட்டு வாங்கினார்கள் என்று பார்ப்பதுதான் நியாயம்.

பங்குத்தந்தையர் சிலர் இப்படிப்பட்ட வீடுகளைப் பிரசங்கத்தில் கண்டிப்பார்கள், இரண்டு எஜமானருக்கு ஊழியம் செய்வதாக. கண்டிக்கிறவரின் பங்குப் பள்ளியில் எத்தனை தலித் ஆசிரியர்கள் வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் அதே மேடையில் அவர் சொன்னால் கேட்கலாம்.

தீர்வு எங்கே நிற்கிறது என்றால், ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரிக்கச் சொன்னது, அது நடக்கவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிதாக ஓர் ஆணையம் போட்டார்கள். தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று ஒன்றிய அரசைக் கேட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு இருபது ஆண்டு தாண்டியும் இழுத்துக்கொண்டே போனது.

அதுவரை நம் தெருக்களில் செய்யக்கூடிய வேலை உண்டு. சான்றிதழை விசாரிக்க யாராவது வீட்டுக்கு வந்தால், ஆய்வுக்குழு விசாரிக்காமல், நம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் அதை ரத்து செய்ய முடியாது என்பதை 1994ஆம் ஆண்டு மாதுரி பாட்டீல் தீர்ப்பிலிருந்து எடுத்துச் சொல்லுங்கள். எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். 2021 தீர்ப்பின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடச் சேர்க்கைப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டமும் சாதி என்று ஒரு கட்டமும் இருக்கும். கையில் பேனாவோடு அதன் முன்னால் தயங்கி நிற்கும் அம்மா பக்கத்தில், எதை எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒரு மாணவர் அன்று இருக்க வேண்டும்.