கையொப்பம் கேட்டு வருகிறேன்



1887-ல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்காக, உ. வே. சாமிநாதையர் முன்கூட்டியே அன்பர்களிடம் கையொப்பம் வாங்கினார். இங்கிலாந்தில் பால் கிங்ஸ்நார்த்தின் முதல் நாவலான 'தி வேக்' வாசகர்களின் முன்பணத்தில் வெளிவந்து, 2014 புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. நம் பெங்களூரிலோ, 2013-ல் வந்த 'லூசியா' கன்னடப் படம் பொதுமக்கள் போட்ட பணத்தில் உருவானது.

ரயில்வேயில் பாலம் கட்டிய நானும் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். சேமிப்பைப் போட்டு அச்சடித்தால், கட்டுக்கட்டாய்ப் பரணில்தான் தூங்கும். முன்பணம் தந்தவரோ காத்திருப்பார், படிப்பார், குறையும் சொல்வார். எனக்கு வேண்டியவர் அவரே.

அடுத்த கூட்டத்துக்கு நோட்டுடன் வருவேன். நன்கொடை வேண்டாம், வீட்டுக்கு ஒரு பிரதி போதும். 200 பேர் சேராவிட்டால் பணம் அப்படியே திரும்பி வரும். ஊர் கூடினால்தானே தேர் நகரும்!