திருச்சி–சிங்கப்பூர்: நாலு மணி நேரமா, ஒன்பது மணி நேரமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், "சிங்கப்பூர்ல இருக்குற பையன் எப்ப வருவான்?" என்பதுதான் முதல் கேள்வி. அதை வைத்துத்தான் எடுக்கிற நேரத்தைக் குறிப்பார்கள். கணக்கு தப்பினால் பெத்தவங்க முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்காது.

சிங்கப்பூரிலிருந்து திருச்சி வான்வழியில் சுமார் 2,980 கி.மீ. நேரடி விமானம் ஏறக்குறைய 4 மணி நேரத்தில் வந்துடும். ஆனா டிக்கெட்டில் இரவு 8 மணிக்குப் புறப்பட்டு 9.30-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். ஒன்றரை மணி நேரம்தான்னு நினைச்சுடக் கூடாது. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே 8 என்றால் இங்கே 5.30. (முன்பு இந்த வித்தியாசம் 2 மணி நேரம்தான். 1982-ல் சிங்கப்பூர் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டது.)

எல்லாத்தையும் நம்ம நேரத்தில் எண்ணிப் பாருங்கள். 5.30 விமானத்துக்கு 3 மணிக்கே சாங்கியில் இருக்கணும். 9.30-க்கு இறங்கி, குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர 10.30. அங்கிருந்து பெரம்பலூர் சுமார் 60 கி.மீ., அரியலூர் இன்னும் கொஞ்சம் தூரம். வாசலில் கால் வைக்க நள்ளிரவு ஆகிடும். ஆக 9 மணி நேரம்.

இதுவும் சீட்டு கிடைத்தால்தான். கிடைக்காமல் சென்னை வழியாக வந்தால் அங்கிருந்து பெரம்பலூர் சுமார் 250 கி.மீ.; கார்லயே நாலரை மணி நேரத்துக்குக் குறையாது.

பையன் போன் பண்ணினா "எத்தனை மணிக்கு பிளேன்?" என்று கேட்காதீர்கள். "எந்த ஊர்ல, எத்தனை மணிக்கு இறங்குற?"ன்னு கேளுங்க. டிக்கெட்டில் இறங்குகிற நேரம் நம்ம ஊர் நேரத்தில்தான் இருக்கும்.