பட்டம் பறிபோன மரபணு

லண்டனில் ஒரு குடும்பம். மூன்று தலைமுறைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பேச்சு குழறும். காது நன்றாகவே கேட்கிறது. ஆனால் உதடு, நாக்கு, தாடை மூன்றையும் வேண்டிய வரிசையில் அடுத்தடுத்து அசைக்க வரவில்லை; நீளமான சொல் பாதியிலேயே சிதைந்துவிடுகிறது. இலக்கணத்திலும் தடுமாற்றம் உண்டு. ஆய்வேடுகளில் இவர்களுக்கு 'கே.இ. குடும்பம்' என்றுதான் பெயர்.

1990-இல் இவர்களைப் பற்றிய செய்தி வெளியானதுமே, இலக்கணத்துக்கென்று தனி மரபணு இருக்கிறது என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். அவசரப் பேச்சு அது. ஆக்ஸ்ஃபோர்டில் சைமன் ஃபிஷர், அந்தோணி மொனாக்கோ குழுவினர் பொறுமையாகத் தேடினார்கள். 7-ஆவது குரோமோசோம் வரை வந்துவிட்டார்கள். அதில் எந்த இடம் என்பதுதான் பிடிபடவில்லை. அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சிறுவன் வழிகாட்டினான். அவனுக்கும் அதே குறை. அவனுடைய 7-ஆவது குரோமோசோம் ஒரு மரபணுவின் நடுவே உடைந்திருந்தது. 2001-இல் அறிவிக்கப்பட்ட அந்த மரபணுதான் ஃபாக்ஸ்பி2. அது உருவாக்கும் புரதத்தில் 715 அமினோ அமிலங்கள், கே.இ. குடும்பத்தில் பாதிக்கப்பட்டவர்களிடம் மாறியிருந்தது ஒன்றே ஒன்று!

இந்தப் புரதம் கட்டட மேஸ்திரியைப் போன்றது. தானே கல் வைக்காது. எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஏவும். மூளையில் மட்டுமல்ல, நுரையீரலிலும் அதற்கு வேலை உண்டு.

ஜெர்மனியில் ஸ்வாந்தே பேபோவின் குழு 2002-இல் சிம்பன்சியின் புரதத்தோடு ஒப்பிட்டபோது இரண்டே அமினோ அமிலங்கள் வேறுபட்டன. அந்த மனித வடிவம் கடந்த 2 லட்சம் ஆண்டுகளுக்குள் வேகமாகப் பரவியிருக்கும் என்று கணித்தார்கள். போதாதா? 'மொழி மரபணு' என்று பத்திரிகைகள் பட்டம் கட்டிவிட்டன.

பட்டம் நிலைக்கவில்லை. ஸ்பெயினின் எல் சித்ரோன் குகையில் கிடைத்த, அழிந்துபோன நம் உறவு மனித இனமான நியாண்டர்தால்களின் எலும்புகளில் அதே இரண்டு மாற்றங்களும் இருப்பது 2007-இல் தெரிந்தது. ஆக, அவை நமக்கு மட்டுமே உரியவை அல்ல. முதல் கணிப்புக்கு எடுத்துக்கொண்டதோ வெறும் 20 பேரின் மரபணு. ஆப்பிரிக்க மக்களையும் போதிய அளவில் சேர்த்து 2018-இல் சோதித்தபோது, அண்மைக்காலத்தில் வேகமாகப் பரவியதற்கான தடயமே காணவில்லை.

மரபணு அதற்காக மதிப்பிழந்துவிடவில்லை. ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சிறு பறவையில், ஆண் குஞ்சு பெரிய பறவையிடம் கேட்டுத்தான் பாட்டைக் கற்கிறது. அதன் மூளையில் பாட்டுப் பயிற்சிக்கான பகுதியில் ஃபாக்ஸ்பி2-ஐக் குறைத்தால், கற்ற பாட்டு அரைகுறையாகவும் பிசிறாகவும் வருகிறது. 2009-இல் எலிகளுக்கு மனித வடிவத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். எலி பேசிவிடவில்லை, குட்டிகளின் கீச்சொலி சற்றே மாறியது, மூளையில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் நரம்புக் கிளைகள் நீண்டு வளர்ந்தன. திரும்பத் திரும்பச் செய்து பழகும் அசைவுகள் படிவது அங்கேதான். பறவையின் பாட்டுப் பகுதி இருப்பதும் அதற்குள்தான். கே.இ. குடும்பத்தில் பேச்சு குழறியவர்களை ஸ்கேன் செய்தபோது, ஸ்ட்ரையேட்டத்தின் ஒரு பாகமான காடேட் உட்கரு அளவில் சிறுத்திருந்தது.